அப்பா ஏன் தாமதமாகச் சிரித்தார்

அப்பாவுக்கு இரண்டு வருடமாகக் காது கொஞ்சம் மந்தம். ஒரேயடியாகக் கேட்காமல் போய்விடவில்லை. சில எழுத்துகள் குழம்பும், மெல்லப் பேசினால் பாதி விட்டுப்போகும். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசினால் பெரும்பாலும் பிடித்துவிடுவார். காதுக்கருவி என்று பேச்செடுத்தால், "எனக்கு என்ன ஆயிடுச்சு இப்போ?" என்பதோடு அது முடிந்துவிடும். இரவில் என் லேப்டாப்பைப் பெரிய திரையில் செருகி நாங்கள் இருவரும் படம் பார்ப்போம். அவருக்குக் கேட்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டினால் பக்கத்து அறையில் தூங்கும் அம்மா எழுந்துகொள்வார். அம்மாவுக்காகக் குறைத்தால் அப்பாவுக்கு அது ஊமைப்படம். ஆளுக்கொரு புளூடூத் ஹெட்செட் மாட்டிக்கொண்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. அவருடையதில் அவருக்கு வேண்டிய அளவு ஒலி, என்னுடையதில் எனக்கு வேண்டிய அளவு, வீட்டில் சத்தமே இல்லை.

அமைத்து முடித்த அன்று பெருமையாகத்தான் இருந்தது. நாலைந்து நாள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் பழைய நகைச்சுவைப் படங்கள். வசனம் வரும், நான் சிரிப்பேன், எனக்குப் பின்னால் அப்பா சிரிப்பார். காதை மூடியிருப்பதால் அவர் சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்காது. சோபா குலுங்குவதில்தான் தெரியும். என் குலுங்கல் முடியப்போகும் நேரத்தில் அவர் பக்கத்துக் குலுங்கல் தொடங்கும். ரொம்பப் பிந்தவில்லை, ஒரு இமைப்பொழுதுதான். ஆனால் ஒருமுறை கண்ணில் பட்ட பிறகு ஒவ்வொரு சிரிப்பிலும் அது தெரிந்தது. வயதாகிறது, வசனம் காதில் விழுந்து மண்டைக்குள் போய்ச் சேர நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தபோது வருத்தமாகவும் இருந்தது. அவரிடம் எதுவும் கேட்கவில்லை. இதையெல்லாம் எப்படிக் கேட்பது?

ஒரு வரியில் முடிந்த வேலை

என் லேப்டாப்பில் ஓடும் இயங்குதளம் லினக்ஸ். அதில் இரண்டு ஹெட்செட்டை ஒரே நேரத்தில் பாட வைப்பது பெரிய வித்தை என்று ஒரு பேச்சு இருக்கிறது. இணைப்பதில் ஒரு வித்தையும் இல்லை. புளூடூத்தில் ஒரு தலைமைக் கருவியோடு ஏழு கருவிகள் வரை ஒரே சமயத்தில் செயல்பாட்டில் இருக்கலாம் என்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் எல்லாம் முட்டிக்கொள்ளாமல் வேலை செய்வது அதனால்தான். இரண்டாவது ஹெட்செட் அந்த ஏழில் இன்னொன்று, அவ்வளவே. இரண்டையும் இணைத்ததும் ஒலி அமைப்புப் பக்கத்தில் இரண்டு வெளியீடுகள் வந்து நின்றன. ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று பக்கம் அடம்பிடித்தது. முட்டுக்கட்டை அங்கேதான். (இணையத்தில் தேடியபோது 'மல்டிபாயிண்ட்' என்ற சொல் என்னை ஒரு முழு மாலை அலைக்கழித்தது. அது இதற்கு நேர் எதிரான விஷயம்: ஒரே ஹெட்செட் இரண்டு கருவிகளோடு பேசுவது.)

அந்த முட்டுக்கட்டைக்கு விடை ரொம்பப் பழையது. லினக்ஸில் ஒலியை நிர்வகித்த பழைய மென்பொருளான பல்ஸ்ஆடியோவின் காலத்திலிருந்தே கம்பைன்-சிங்க் என்று ஒரு மாட்யூல், அதாவது துணைப்பகுதி, உண்டு. லினக்ஸ் ஒலிக்காரர்கள் மொழியில் சிங்க் என்றால் ஒலி போய் விழும் இடம். இந்த மாட்யூல் ஒரு பொய்யான சிங்கை உருவாக்கும். அதில் விழும் ஒலியைப் பிரதி எடுத்து, நாம் சொன்ன நிஜ சிங்குகளுக்கெல்லாம் ஊற்றும். லினக்ஸின் பல வழங்கல்களில் (தொகுப்பு வடிவங்களில்) ஒன்றான ஃபெடோராவின் 34ஆம் பதிப்பு முதற்கொண்டு, அதாவது 2021லிருந்து, பல்ஸ்ஆடியோவின் இடத்தைப் பைப்வயர் என்ற புதிய மென்பொருள் ஒவ்வொரு வழங்கலாகப் பிடித்துக்கொண்டு வருகிறது. அப்படியும் அந்த மாட்யூலை ஏற்றும் பழைய ஒரு வரிக் கட்டளை வேலை செய்கிறது. பைப்வயரின் சொந்த மாட்யூலான கம்பைன்-ஸ்ட்ரீம் இன்னும் வசதி. இந்தப் பெயரில் தொடங்கும் புளூடூத் வெளியீடு எது வந்தாலும் சேர்த்துக்கொள் என்று அமைப்புக் கோப்பில் விதி எழுதிவிட்டால், சார்ஜ் தீர்ந்து அணைந்த ஹெட்செட் திரும்பி வரும்போது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ஹெட்செட்டின் ஒலி அளவையும் பாவுகண்ட்ரோல் என்ற ஒலிக்கட்டுப்பாட்டுச் செயலியில் தனித்தனியே நகர்த்தலாம். எங்கள் வீட்டுக்கு வேண்டியதே அதுதான். அப்பாவுடையது எப்போதும் என்னுடையதைவிட நன்றாகவே மேலே நிற்கும்.

விட்டு விட்டு வந்த சத்தம்

முதல் வாரத்தில் என் கவனம் முழுக்க வேறு தொல்லையில் இருந்தது. சத்தம் விட்டு விட்டு வந்தது. ஒரு ஹெட்செட் மட்டும் இருந்தால் சுத்தமாக இருக்கும், இரண்டாவதைச் சேர்த்ததும் இரண்டுமே விக்கும். புளூடூத்தில் அவ்வளவு தகவல் கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு வந்த முதல் சந்தேகம். கணக்குப் போட்டால் அது நிற்காது. புளூடூத் ஹெட்செட் எதுவானாலும் எஸ்பிசி என்ற கோடெக்கை, அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையை, புரிந்துகொள்ள வேண்டும் என்பது விதி. அதன் உயர்தர அமைப்புக்கு நொடிக்கு சுமார் 328 கிலோபிட் போதும். இரண்டு ஹெட்செட்டுக்கு 656. 2004இல் புளூடூத்துக்கு வந்த இடிஆர் என்ற கூடுதல் வேகத்தில் நடைமுறையில் சுமார் 2 மெகாபிட் வரை ஓட்டலாம். எல்டாக் போன்ற கோடெக்கை 990 கிலோபிட்டில் இரண்டு பக்கமும் ஓட விட்டால்தான் கழுத்தை நெரிக்கும். என்னுடையவை இரண்டுக்கும் அந்தப் பணக்காரத்தனம் கிடையாது.

குற்றவாளி வைஃபை. லேப்டாப்பில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சில்லில் குடியிருப்பவை, ஆண்டெனாவையும் பங்குபோட்டுக்கொள்பவை. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் இரண்டுக்கும் காற்றும் ஒன்றே. நான் படத்தை வீட்டு வலையமைப்பில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து ஓடவிட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் 2.4இல். அப்புறம் விக்காமல் என்ன செய்யும்? ஆனால் இது உடனே புரியவில்லை. எல்லாரும் சொல்வதுபோல ஒரு யுஎஸ்பி புளூடூத் டாங்கிள் வாங்கினேன். உள்ளே இருப்பதில் ஒரு ஹெட்செட், டாங்கிளில் இன்னொன்று. இதில் ஒரு நுணுக்கம்: ஹெட்செட்டை ஒரு அடாப்டரோடு (உள்ளே இருக்கும் புளூடூத் ஒன்று, டாங்கிள் இன்னொன்று) ஜோடி சேர்த்தது இன்னொரு அடாப்டருக்குச் செல்லாது. லினக்ஸின் புளூடூத் அடுக்கான புளூஸீ, ஜோடி சேர்த்ததற்கான சாவிகளை அடாப்டர் வாரியாகத்தான் வைத்திருக்கிறது. எனவே புளூடூத்சிடிஎல் என்ற கட்டளைக் கருவிக்குள் போய், டாங்கிளைத் தேர்ந்தெடுத்து, அதனோடு புதிதாக ஜோடி சேர்க்க வேண்டும். சேர்த்தேன். நிலைமை இன்னும் மோசமானது. டாங்கிளுக்கு ஒட்டினாற்போல் யுஎஸ்பி 3.0 வன்வட்டு ஒன்று செருகியிருந்தது. யுஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்கும் என்று இன்டெல் 2012லேயே ஓர் ஆய்வறிக்கை போட்டிருக்கிறது. ஒரு நீட்டிப்பு ஒயரில் டாங்கிளைத் தள்ளி வைத்ததும் சரியானது. அதற்கடுத்த நாள் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்த்தேன், டாங்கிளே தேவைப்படவில்லை. இப்போது அது மேசை டிராயரில் இருக்கிறது. இரண்டு ஹெட்செட் என்றதும் முதலில் டாங்கிள் வாங்கச் சொல்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

எப்போதும் ஒரே இடைவெளி

விக்கல் போனது, சிரிப்பின் தாமதம் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, படத்தைவிட அப்பாவையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. இடைவெளி எப்போதும் ஒரே அளவாக இருந்தது. வழுக்கி விழும் காட்சிக்கும் அவ்வளவு, இரட்டை அர்த்த வசனத்துக்கும் அவ்வளவு. புரிந்துகொள்ளத்தான் நேரமாகிறது என்றால் எளிய நகைச்சுவைக்குக் குறைவாகவும் சுற்றி வளைத்ததற்கு அதிகமாகவும் அல்லவா ஆக வேண்டும்? அதோடு, சத்தமில்லாத ஒரு காட்சியில், வெறும் முகபாவத்துக்கு, அவர் எனக்கு முன்னால் சிரித்தார். வயது இப்படிக் கணக்காகப் பிந்தாது. இயந்திரம்தான் பிந்தும்.

அவர் தூங்கப்போன பிறகு ஒரு வேலை செய்தேன். என் ஹெட்செட்டின் வலதுபக்கக் கிண்ணத்தை வலக்காதிலும், அவருடையதன் இடதுபக்கக் கிண்ணத்தை இடக்காதிலும் வைத்து, இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தாளக்கட்டை போல ஒலிக்கும் மெட்ரோனோமை ஓடவிட்டேன். 'டக்' என்று கேட்டிருக்க வேண்டும். 'ட-டக்' என்று கேட்டது. வலக்காதில் ஒன்று, பிறகு இடக்காதில் ஒன்று, தெளிவாகத் தனித்தனியாக. யாராவது அந்த நேரத்தில் உள்ளே வந்திருந்தால் இரண்டு ஹெட்செட்டைத் தலையில் ஏடாகூடமாகக் கவ்வவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ. எனக்கு முதலில் வந்தது சிரிப்பு இல்லை, வெட்கம். மூன்று வாரமாக ஒரு மனிதரின் மேல் மனதுக்குள் போட்டு வைத்திருந்த குறை, அவர் தலையில் மாட்டிய பிளாஸ்டிக்கின் குறை.

நடந்தது இதுதான். படத்துக்கும் பாட்டுக்கும் ஹெட்செட்டுகள் பயன்படுத்தும் ஏ2டிபி முறை ஒரு கருவி ஒரு கருவியிடம் பேசுவதற்காக எழுதப்பட்டது. கணினி ஒலித்துண்டுகளை அனுப்பும். ஹெட்செட் அவற்றைத் தன் தொட்டியில் கொஞ்சம் தேக்கி வைத்துக்கொண்டு, தன் வசதிக்கு வாசிக்கும். தொட்டி பெரிதாக இருந்தால் விக்காது, ஆனால் பிந்தும். எத்தனை மணிக்கு இதை ஒலிக்க வேண்டும் என்று இரண்டு ஹெட்செட்டுக்கும் பொதுவாகச் சொல்ல அந்த முறையில் வழியே இல்லை. எனக்கு இவ்வளவு தாமதம் ஆகும் என்று ஹெட்செட் கணினிக்கு அறிவிக்கும் வசதி பிற்பாடு சேர்ந்தது. என்னுடையது புதியது, அறிவித்தது. அப்பாவுடையது பழையது, வாயே திறக்கவில்லை. சொல்லாத ஹெட்செட்டுக்குக் கோடெக்கைப் பார்த்து ஓர் உத்தேச எண்ணைப் பைப்வயர் வைத்துக்கொள்ளும். உத்தேசம் உண்மைக்குக் கிட்டத்தில்கூட இல்லை.

இரண்டு ஹெட்செட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் காதாலேயே அளந்தேன். கம்பைன்-ஸ்ட்ரீமில் தாமதங்களைச் சமன்செய்யும் ஓர் அமைப்பு உண்டு. வேகமான பக்கத்தில் ஒரு தேக்கம் வைத்து, மெதுவான பக்கத்துக்காகக் காத்திருக்க வைக்கும். என் அமைப்புக் கோப்பில் அதை நான் போட்டிருக்கவே இல்லை. போட்டேன். பிறகு அப்பாவின் ஹெட்செட்டுக்கு, பாவுகண்ட்ரோலில் தாமத ஈடு என்ற பெட்டியில், இருபது இருபது மில்லிவினாடியாகக் கூட்டிக்கொண்டே போனேன். 'ட-டக்' நெருங்கி நெருங்கி, 180இல் ஒரே 'டக்' ஆகி மண்டையின் நடுவில் வந்து உட்கார்ந்தது. அந்த நொடியின் சுகத்தை விவரிக்கத் தெரியவில்லை. சுருதி சேர்ந்த தம்புராவைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

180 மில்லிவினாடி என்பது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒலி காற்றில் நொடிக்கு 343 மீட்டர் போகிறது; அந்த நேரத்தில் அது சுமார் 62 மீட்டர் கடந்திருக்கும். தூரத்தில் ஒருவர் மரம் வெட்டுவதைப் பார்த்தால் கோடரி இறங்கிய பிறகு சத்தம் வருமே, அந்தத் தூரம். ஒளிபரப்புக்காக சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தந்திருக்கும் அளவுகளின்படி, ஒலி படத்தை முந்தினால் சுமார் 45 மில்லிவினாடியிலேயே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிந்தினால் சுமார் 125 வரை கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முந்தும் ஒலி இயற்கையில் கிடையாது, பிந்தும் ஒலி உண்டு என்பதால் மூளை அதை மன்னிக்கிறது போலும். படம் ஓட்டும் மென்பொருள் என் ஹெட்செட் சொன்ன கணக்கை நம்பி, எனக்குப் பொருந்தும்படி படத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தது. எனவே எனக்கு உதடும் வசனமும் ஒட்டின. மூன்று வாரமும் அந்த மன்னிப்பு எல்லைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர் அப்பா.

அவர் உதட்டைப் பார்த்து வசனத்தைப் பிடிப்பவர் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் இரவு எதுவும் சொல்லாமல் படத்தைப் போட்டேன். பத்து நிமிடத்தில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னடா பண்ணின?"

"ஏம்பா?"

"வாய் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்னு இருந்துச்சு இத்தனை நாளா. காதுதான் இன்னும் மோசமாயிடுச்சுன்னு நெனச்சேன்."

அவரும் என்னைப் போலவே முடிவு கட்டி, என்னைப் போலவே வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார். "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன். பதில் சொல்லாமல் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். அன்று சோபா ஒருமித்துக் குலுங்கியது.

மைக் பக்கம் போகாதீர்கள்

கேட்பதற்கு மட்டும்தான் இதெல்லாம். வெளியூரில் இருக்கும் அக்கா வீடியோவில் கூப்பிடும்போது இருவரும் ஆளுக்கொரு ஹெட்செட்டோடு பேசலாமே என்று ஆசைப்பட்டேன். ஹெட்செட்டின் மைக்கைக் கேட்ட கணமே லினக்ஸ் அதை எச்எஃப்பி என்ற தொலைபேசி முறைக்கு மாற்றிவிடும். இரு பக்க ஒலி போய், மோனோ. அதிலும் எம்எஸ்பிசி என்ற கோடெக் கிடைத்தால் 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு, இல்லாவிட்டால் பழைய தொலைபேசியின் 8. காது மந்தமானவருக்கு இருக்கிற கொஞ்சத் தெளிவையும் பிடுங்கிக்கொள்வதுபோல. இரண்டு ஹெட்செட்டும் ஒரே நேரத்தில் அந்த முறையில் இருக்க வேண்டும் என்றால் என் அடாப்டர் இரண்டாவதைக் கண்டுகொள்ளவே இல்லை. டாங்கிளை மறுபடி எடுத்து, இரண்டு மைக்கையும் ஒரு வெற்று சிங்கில் கலந்து, அதையே மைக்காகக் காட்டி ஒருமுறை ஓட்டிவிட்டேன். அருகருகே உட்கார்ந்திருப்பதால் என் குரல் இரண்டு மைக்கிலும் வெவ்வேறு தாமதத்தோடு ஏறி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது என்றாள் அக்கா. இப்போது ஹெட்செட்டுகள் கேட்க மட்டும். பேசுவது லேப்டாப்பின் சொந்த மைக்கில். மைக்கைக் கேட்டாலும் முறை மாறக் கூடாது என்று பைப்வயரை நிர்வகிக்கும் வயர்பிளம்பரில் தானியங்கி மாற்றத்தை அணைத்து வைத்திருக்கிறேன். காதை மூடியிருப்பதால் எதிரொலிப் பேச்சே இல்லை. ரொம்ப நேரம் செலவழித்துக் கண்டுபிடித்த எளிய வழி.

இந்தத் தலைவலி முழுதும் எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் ஒலி முறை வந்தால் தீர வேண்டியது. 2020 ஜனவரியில் அறிவித்தார்கள். அதில் ஒலித்துண்டோடு எப்போது ஒலிக்க வேண்டும் என்ற பொது நேரமும் போகும். எத்தனை ஹெட்செட் இருந்தாலும் ஒரே கணத்தில் ஒலிக்கும். அதன் வேர் காதுக்கருவிகளில் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த தகவல்: ஐரோப்பியக் காதுக்கருவி உற்பத்தியாளர் சங்கமும் புளூடூத் அமைப்பும் 2014இல் சேர்ந்து தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது அது. புளூஸீயிலும் பைப்வயரிலும் அதற்கான ஆதரவு வந்துகொண்டிருக்கிறது, ஆனால் சோதனை நிலை என்ற அடைமொழியோடு. எங்கள் ஹெட்செட்டுகள் இரண்டுக்கும் அது தெரியாது, எனவே 180 என்ற எண்ணோடு காலம் ஓடுகிறது.

போன வாரம் ஒரு படத்தின் நடுவில் அப்பா என் தொடையில் தட்டினார். "டேய், இன்னைக்குப் பின்னாடி வருது." எனக்கு எல்லாம் சரியாகவே பட்டது. பாவுகண்ட்ரோலைத் திறந்து பார்த்தேன். 180 வைத்த இடத்திலேயே இருந்தது. "சரியாத்தான்பா இருக்கு" என்றேன். "இல்லடா, அந்தப் பொண்ணோட வாயைப் பாரு" என்றார். பார்த்தேன். இரண்டு ஹெட்செட்டிலும் சேர்ந்தே பிந்தியது, படக்கோப்பிலேயே குறை. படம் ஓட்டும் மென்பொருளான எம்பிவியில் கண்ட்ரோலும் கழித்தல் விசையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினால் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கு முன்னால் வரும். ஒருமுறை அழுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னொரு முறை அழுத்தினேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைத் தூக்கிக் காட்டினார், போதும் என்று.